ஹவல்லி வீட்டு ஹீட்டருக்கு நான் போட்ட மூடி

கோபம் வரும்போது என் மூளை இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று முப்பத்தொரு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை குவைத்தில், ஹவல்லியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செத்துப்போனது. கூடவே நாலு மனிதர்களும் செத்திருக்க வேண்டியது. நினைத்தால் அந்த முப்பத்தொரு வயதுக்காரனை ஓங்கி அறைய இன்றைக்கும் கை வருகிறது. (அறையலாம்தான். ஆனால் அவனுடைய கன்னம் இப்போது என்னிடம் அல்லவா இருக்கிறது.)

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு கட்டடக் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மன். மற்றவர்களின் வீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கே ஏற வேண்டும், கழிவுக் குழாய் எங்கே திரும்ப வேண்டும் என்று காகிதத்தில் கீறுவது என் வேலை. உண்மையான குழாய் ஒன்றைக் கையால் தொட்டதில்லை. ஆனால் குழாயைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லித்தர வந்தால் பொறுக்க மாட்டேன்.

என் மனைவி லோகா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வளைகுடா என்றால் வெயில் மட்டுந்தான் என்று நினைத்து ஒரு சுவெட்டர்கூட இல்லாமல் வந்திறங்கியவள். மார்கழி பிறந்ததும் பாலைவனத்துக் காற்று தன் குணத்தைக் காட்டியது. லோகா இரண்டு சோடிக் காலுறையும் என்னுடைய கோட்டும் போட்டுக்கொண்டு குசினியில் நின்று நடுங்கினாள்.

"நான் வெயிலுக்கெல்லோ பயந்து வந்தனான். நீங்கள் ஐஸ்பெட்டிக்குள்ள கொண்டந்து வச்சிருக்கிறீங்கள்."

அந்த நேரம் பார்த்து, நாட்டை விட்டுப் போன ஆங்கிலேய எஞ்சினியர் ஒருவர் தன் காஸ் ஹீட்டரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடி, அதற்குள் நெருப்பு எரியும். முதுகிலிருந்து புகை போவதற்கு ஒரு தகரக் குழாய்.

அதைப் பூட்டித் தருவதற்கு அக்பர் பாய் என்ற பாகிஸ்தான்காரரைப் பிடித்தேன். காஸ் வேலையில் பழுத்த மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் "புக்ரா" என்றார். அரபியில் நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை வந்துசேர மூன்று வாரம் ஆனது. அவர் கதவைத் தட்டியபோது குளிருக்கு ஹீட்டரே தேவையில்லை என்ற அளவுக்கு நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மனிதர் அவசரமே படவில்லை. சிலிண்டரை வெளியே பால்கனியில் நிறுத்தினார். பழைய ஏசி இருந்த ஓட்டையை அடைத்திருந்த பலகையில் வட்டமாக வெட்டி, புகைக்குழாயை வெளியே விட்டார். பிறகு சவரப் பிரஷ் ஒன்றை எடுத்து, சோப்பு நுரையைக் குழாய் மூட்டுகளில் தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நான் பின்னால் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (இது எரிச்சலை இன்னும் கிளப்பியது.)

கடைசியில் ஹீட்டரைப் பற்றவைத்தார். நீலமாக, அழகாக எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். குழாயின் வாயை எதுவும் மறைக்கக் கூடாது. ஜன்னல் எப்போதும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

"ஜன்னலைத் திறந்துவைக்கிறதெண்டால் ஹீட்டர் எதுக்கு?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன்.

"ஆக் கோ பீ ஹவா சாஹியே, பாய்" என்றார். நெருப்புக்கும் காற்று வேண்டுமாம்.

"எனக்கே குழாய்ப் பாடம் எடுக்கிறாயா? நான் டிராஃப்ட்ஸ்மன்! கலாஸ், வேலை முடிந்தது, போ!"

அக்பர் பாய் பையைத் தூக்கினார். போகும்போது லோகாவைப் பார்த்து ஜன்னலைக் காட்டி, தன் கையை விரித்து ஒரு சாண் காட்டினார். இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாத லோகாவுக்கு அது விளங்கிவிட்டது. அவள் திறந்தாள். நான் மூடினேன். இரண்டு நாள் எங்கள் குடும்ப வாழ்க்கை இதுவாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹமீது காக்கா வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தோம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து மனிதர். சூக் என்ற சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு அந்த வீட்டைத் தேடித் தந்தவரே அவர்தான். அவர் வருவதற்குள் வீடு கதகதவென்று இருக்க வேண்டும் என்று ஹீட்டரைப் போட்டுவிட்டு, ஏதோ எடுக்கப் பால்கனிக்குப் போனேன். தற்செயலாகப் புகைக்குழாயின் வாய்க்கு நேரே கை போனது. குபுகுபுவென்று சூடு!

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நானும் என் மனைவியும் உள்ளே நடுங்க, என் சூட்டை ஹவல்லித் தெருவுக்கு வாரி வழங்கிக்கொண்டிருக்கிறான் அந்த அக்பர் பாய்! சுற்றிலும் பார்த்தேன். ஒரு வெற்றுப் பால்மா டின் கிடந்தது. குழாயின் வாயில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினேன். உள்ளே வந்து, ஜன்னலை லோகா இனித் திறக்கவே முடியாதபடி நாலு விளிம்பிலும் பழுப்பு நிற டேப்பை ஒட்டினேன். அந்த முப்பத்தொரு வயது மடையன் அப்போது சீட்டியடித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஹமீது காக்காவும் அவர் மனைவி பாத்திமா லாத்தாவும் வந்தார்கள். காக்காவை ஹீட்டருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன்.

"எப்படி காக்கா சூடு?"

"ஊட்டுக்குள்ள ஊரு வெயிலையே கொண்டாந்துட்டீங்களே தம்பி!"

ஆண்கள் இருவரும் முதலில் சாப்பிட உட்கார்ந்தோம். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். லோகாவும் லாத்தாவும் குசினிக்கும் எங்களுக்குமாக நடந்து பரிமாறினார்கள். காக்கா இரண்டாம் முறை கறி வாங்கினார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். கையை அப்படியே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்தார்.

"தம்பி, தலை என்னமோ கிர்ருங்குது."

எனக்கும் மண்டைக்குள் யாரோ சுத்தியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காக்கா கைகழுவ எழுந்தார். முழங்கால் மடிந்து தரையிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தார்.

நான் கறிச் சட்டியைப் பார்த்தேன்.

"லோகா! இறைச்சிக்குள்ள என்னத்தைப் போட்டனீர்?"

அவள் அகப்பையோடு வந்து நின்றாள். "என்னத்தைப் போடுறது? வழமையாப் போடுறதுதான்."

"பழுதான இறைச்சியைக் காய்ச்சி மனுசரைக் கொல்லப் பாக்கிறீரோ?"

அதோடு நிறுத்தவில்லை. அவள் சமையல் பழகிய விதத்தைப் பற்றியும், பழக்கியவரைப் பற்றியும் விருந்தாளிகள் முன்னால் சில வார்த்தைகள் சொன்னேன். (அவற்றை இங்கே எழுத மாட்டேன். லோகா இதைப் படிப்பாள்.)

அப்போது சுவரில் சாய்ந்து நின்ற பாத்திமா லாத்தா அப்படியே சரிந்து கீழே விழுந்தார். லோகா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"லாத்தா இன்னும் ஒரு பருக்கை வாயில வைக்கேல்ல. நானும் சாப்பிடேல்ல. அப்ப எங்களுக்கு ஏன் தலை இடிக்குது?"

எந்த மனிதனும் அந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் கோபத்தில் இருந்தேன், ஆகவே உடனே பதில் சொன்னேன்:

"கறி மணம் பட்டிருக்கும்!"

லோகாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹீட்டருக்குப் போனது. நீல நெருப்பு மஞ்சளாகிக் கரி கக்கிக்கொண்டிருந்தது. அகப்பையை எறிந்துவிட்டு டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள். பால்கனிக்கு ஓடிச் சிலிண்டரை மூடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பால்மா டின் இருந்தது. விரல்கள் சூட்டில் சிவந்திருந்தன.

"எழும்புங்கோ! எல்லாரும் வெளியால போங்கோ!"

லாத்தாவை அக்குளில் பிடித்து வாசல்வரை தனியே இழுத்துக்கொண்டு போனவள் லோகாதான். நான் உதவிக்கு எழும்ப நினைத்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. நாலு காலில் தவழ்ந்துதான் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தேன். கட்டடத்துக் காவலாளி எகிப்துக்காரர் காக்காவைத் தோளில் சுமந்து இறக்கி, ஒரு வேனை நிறுத்தி எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

நாலு பேர் மூக்கிலும் ஆக்சிஜன் வைத்தார்கள். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். லோகா பால்மா டின்னை அவர் மேசையில் வைத்தாள். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்திருக்கிறாள்! நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரபியில் வெகுநேரம் பேசினார். பக்கத்தில் நின்ற மலையாள நர்ஸிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"மணமே இல்லாத விஷப் புகையாம். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நாலு பேருமே இல்லையாம். மத்ததெல்லாம் வேண்டாம் சார்" என்றாள்.

ஹமீது காக்காவுக்குச் சாயங்காலம் தெளிந்தது. முகத்திலிருந்த குழாயைத் தள்ளிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கல்ல.

"லோகா தங்கச்சி, கறி நல்லாத்தான் ஈந்துச்சு."

அதுவரை ஒரு துளி கண்ணீர் விடாத லோகா அப்போதுதான் அழுதாள்.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றாள்.

"ஹீட்டருக்கு."

"ஹீட்டர் உங்கட மடத்தனம். அதுக்கு ஆர் மன்னிப்புக் கேட்டது? கறிக்குக் கேளுங்கோ."

கேட்டேன். அடுத்த நாள் அக்பர் பாயிடமும் போய்க் கேட்டேன். அவர் இந்த முறை புக்ரா சொல்லவில்லை. உடனே வந்தார். குழாயைக் கழற்றி, தட்டி, மறுபடி பூட்டி, நுரை தடவிப் பார்த்தார். விளக்கம் முழுவதையும் லோகாவுக்கே சைகையில் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சலாம் மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது கனடாவில் இருக்கிறோம். வீட்டின் நிலவறையில் பெரிய காஸ் ஃபர்னஸ் ஒன்று இருக்கிறது. பழையதை மாற்றிப் புதிதாகப் பூட்ட ஆள் வந்த அன்று, வெளியே முழங்காலளவு பனி. லோகா என் ஜாக்கெட்டையும் தொப்பியையும் எடுத்து நீட்டினாள்.

"காருக்குள்ள போய் இருங்கோ. வேலை முடிய நானே கூப்பிடுறன்."

"நான் சும்மா பாத்துக்கொண்டு மட்டும்—"

"போங்கோ."

இரண்டு மணி நேரம் காரில் இருந்தேன். கோபம் வராமலில்லை. நடுவில் வீட்டுக் கதவு திறந்தது. ஃபர்னஸ் பூட்ட வந்த வெள்ளைக்காரப் பையன் பனிக்குள் நடந்து காருக்குப் பக்கத்தில் வந்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று கண்ணாடியை இறக்கினேன். அவனோ குனிந்து என் முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

லோகா அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.