ஏழு நாள் நீச்சலும் அண்ணன் நாற்றங்காலும்

நாற்பத்தைந்து வயதில் ஒருவனுக்கு வரக்கூடிய வியாதிகளில் சர்க்கரையை விட மோசமானது மெடல் ஆசை. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒரே சித்திரையில் வந்தன.

டாக்டர் நடக்கச் சொன்னார், இல்லையென்றால் நீந்தச் சொன்னார். எங்கள் தெரு நாய்களை உத்தேசித்து நீச்சலைத் தேர்ந்தெடுத்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஸ்மார்ட்வாட்ச் அனுப்பிவைத்தாள். எத்தனை சுற்று நீந்தினோம், எத்தனை தடவை கை வீசினோம், எல்லாம் சொல்லும். தினம் நாற்பது சுற்றாக ஏழு நாள் விடாமல் நீந்தினால் மெடல். (தங்கம் இல்ல, திரையில வர்ற வெறும் படம். அதுக்கே இந்த ஆட்டம்.)

எங்கள் ஊர் குருவிநத்தத்தில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு சதுரக் கிணறு உண்டு. ஆற்றோரம் என்பதால் கோடையிலும் தண்ணீர் நிற்கும். ஆனால் குளத்துக்குப் பதினைந்து மீட்டராவது நீளம் வேண்டும் என்றது வாட்ச். டேப் பிடித்து அளந்தேன். பக்கத்துக்குப் பக்கம் பதினொன்றுதான். மூலைக்கு மூலை அளந்தால் பதினைந்தரை! அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. ஒரே சிக்கல், மோட்டார் ஓடித் தண்ணீர் இறங்கினால் மூலையில் இருக்கும் கருங்கல் படி தலைகாட்டும். நீளம் குறைந்துவிடும், மெடலும் போய்விடும்.

அந்தப் பருவத்தில் என் நிலம் சும்மா கிடந்தது. அண்ணன் மட்டும் சொர்ணவாரிப் பட்ட நெல்லுக்கு நாற்று விட்டிருந்தார். நான் இரண்டு நாள் நீந்தி முடித்திருந்தபோது, விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அண்ணிக்கு பித்தப்பையில கல்லு. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரில நாலு நாளு இருக்கணும். காலைல த்ரீ பேஸ் வந்ததும் மோட்டார போட்டுவுட்டுடு. வெய்யிலு கொளுத்துது, நாத்து தாங்காதுடா."

"நீ போண்ணா. நான் பாத்துக்கறேன்."

மோட்டார் கொட்டகைச் சாவி எப்போதும் எங்கள் வீட்டு வாசல் ஆணியில்தான் தொங்கும். அண்ணன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போனார்.

மோட்டார் ஓடுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான். முதலில் நீச்சல், பிறகு மோட்டார் என்று திட்டம் போட்டேன். நாற்பது சுற்று என்பது வாயால் சொல்ல எளிது. நடுவில் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். முதுகைச் சொறிந்தால் வாட்ச் குழம்பிப்போய் ஒரு சுற்றை விட்டுவிடும், அதைத் திரும்ப நீந்துவேன். கரையேறி, துவட்டி, திரையைப் படம்பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டு மோட்டாரைப் போட்டால், தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் போவதற்குள் கரண்ட் நின்றுவிடும்.

சாயங்காலம் அண்ணன் போனில் கேட்பார். "மோட்டாரு போட்டியாடா?"

"போட்டேன்ணா."

பொய் இல்லை. போட்டேன். பத்து நிமிஷம்.

நாலு நாளும் இதே கதைதான். நாற்றங்கால் நாலு வரப்பு தள்ளி இருந்தது. ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் நீச்சலை நிறுத்த வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

ஏழாம் நாள் நாற்பதாவது சுற்றை முடித்து, ஈரம் சொட்டச் சொட்ட மேலே ஏறினேன். கிணற்று மேட்டில் அண்ணன் நின்றார். அண்ணியை வீட்டில் விட்டதும் நேராகக் கழனிக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு பிடி நாற்று, வைக்கோல் நிறத்தில். விரலால் தேய்த்தார், பொடிந்தது. அந்த நேரம் பார்த்து என் கையில் வாட்ச் கிணுகிணுத்தது.

"இன்னாடா அது?"

"ஏழு நாளு வுடாம நீந்துனதுக்கு மெடல்ணா." (அப்பகூட வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்.)

அண்ணன் எட்டிக் கிணற்றைப் பார்த்தார்.

"கெணறு நெறைய தண்ணி இருக்குதேடா," என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அன்றே செலியமேடு வரை அலைந்து நாற்று தேடினேன். பாதி நிலத்துக்குத்தான் கிடைத்தது. மீதி அந்தப் போகம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

இப்போது வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அண்ணி ஆரம்பித்துவிடுவார். "எங்க கொழுந்தனாரு தண்ணியில நீந்தியே நாத்த காய வெச்சவரு!" பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அண்ணன் மட்டும் சிரிக்காமல், "அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து," என்று பேச்சை மாற்றுவார்.

என்னிடம் அவர் முகம் கோணியதே இல்லை. ஆனால் வெளியூர் போவதென்றால், மோட்டார் கொட்டகைச் சாவியைப் பக்கத்துக் கழனிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் வாசலில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. அதில் வாட்சை மாட்டி வைத்திருக்கிறேன்.