எங்கள் சமையலறை மேசை இனி ஆடாது

அக்கரைத் தூண்டில் குழுவின் செயலாளரும், என் அம்மாவின் ஒரே தம்பியும், என் காதைத் திருகும் உரிமையை நான் பிறந்த நாள் முதல் அனுபவித்து வருபவருமான மாமா அவர்களுக்கு,

இங்கே நலம். தங்கள் நலத்தை அம்மா தினமும் ஜன்னல் வழியாக ஏரியின் அந்தப் பக்கம் பார்த்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் சமையலறை மேசை நேற்று மாலை ஐந்தே கால் மணியுடன் ஆடுவதை நிறுத்திக்கொண்டது. நான்கு வருடம் ஓய்வில்லாமல் ஆடிய மேசை. படகுக் கொட்டகையில் கிடந்த ஒரு மரத்துண்டை அப்பா கொண்டுவந்து அதன் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். இந்த நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு நின்று பார்த்தோம். அம்மா மட்டும் பாராட்டவில்லை. அவர் அப்பாவோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வார், நான் இரண்டடி தள்ளி நிற்கும் அப்பாவுக்கு அஞ்சல் செய்வேன். நேற்றைய அஞ்சல் இது: "உங்கப்பா கிட்ட சொல்லு, என் தம்பி டீயை அப்படியே வச்சிட்டு எழுந்து போன வீட்ல மேசை ஆடினா என்ன, நின்னா என்ன." அப்பா மேசையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் அந்த டீதான் மாமா. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஏரி, ஒரே தண்ணீர், ஒரே மீன். ஆனால் ஒன்பது வருடமாக வெளியூர்க்காரர்கள் தூண்டிலும் தொப்பியுமாக உங்கள் கரைக்குத்தான் போனார்கள், ஏனென்றால் உங்கள் படகுத்துறையில்தான் "ஏரியின் மிகப் பெரிய மீன், 94 சென்டிமீட்டர்" என்ற பலகை உங்கள் பெயரோடு தொங்கியது. எங்கள் கரைக்கு வந்தவர்கள் ஒன்று வழி தவறி வந்தார்கள், இல்லையென்றால் கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தார்கள். (போன வருடம் அந்தப் பலகை மீனுக்கு மூக்குக்கண்ணாடி வரைந்தது நான்தான். அது பழைய வழக்கு, காதோடு முடிந்துவிட்டது.) இந்த வருடம் சீசனுக்கு முன்னால் அப்பா எங்கள் குழு மீன் அளக்கும் அளவுப் பலகையை என்னிடம் கொடுத்து, "இதைச் சரி பண்ணி வை. உன் சேட்டை எதையும் இதுல காட்டக் கூடாது" என்றார். நான் காட்டவில்லை. ஒரு முனை மூலையில் பொத்துப்போயிருந்தது, அதை அறுத்தேன். மீனின் மூக்கு முட்டும் கட்டையைப் புதிதாக ஆணியடித்துப் பொருத்தினேன். வார்னிஷ் இரண்டு பூச்சு. வாழ்க்கையில் நான் யோக்கியமாகச் செய்த ஒரே வேலை அது.

அதன் பிறகு எங்கள் மீன்கள் வளர ஆரம்பித்தன. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முதல் நாளே ஒரு பல் டாக்டர் தூண்டிலில் எழுபத்தொன்று. அடுத்தவருக்கு எழுபத்தெட்டு. விதிப்படி மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வால் தொடும் எண்ணைப் படித்து, படமெடுத்து, திரும்ப ஏரியில் விட்டுக்கொண்டே இருந்தோம். வெளியூர் வண்டிகளெல்லாம் உங்கள் கரைக்கு முதுகைக் காட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பின. அப்புறம்தான் நான் தொண்ணூற்றெட்டைப் பிடித்தேன். ஊரே என்னைத் தொண்ணூற்றெட்டு என்றுதான் கூப்பிடுகிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீங்கள் வந்தீர்கள், படத்தைப் பார்த்தீர்கள். "என்னடா, மூக்குக்கண்ணாடி மாதிரி இதுவும் உன் கைவேலையா?" என்று கேட்டீர்கள். "இல்ல மாமா, சத்தியமா" என்றேன். அப்பா நடுவில் பாய்ந்து, "என் பையன் பிடிச்ச மீனை நம்பாதவருக்கு என் வீட்ல என்ன வேலை" என்றார். "ஒரு வேலையும் இல்ல மச்சான்" என்று நீங்கள் எழுந்தீர்கள். டீ ஆறியது. மறுநாள் உங்கள் பலகையை நீங்களே கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது மாமா.

இதற்கு நடுவில் உங்கள் பன்னிரண்டாம் நம்பர் மீன் வேறு. நீங்கள் அதன் துடுப்பில் எண் போட்ட மஞ்சள் வில்லை கட்டி விட்ட மீன். காலையில் உங்கள் கரையில் அறுபத்திரண்டு. மத்தியானம் எங்கள் கரையில் எழுபத்திரண்டு. மறுநாள் உங்கள் பக்கம் மாட்டியபோது மறுபடி அறுபத்திரண்டு. கணக்கு வாத்தியார் இரண்டு பக்கம் கணக்குப் போட்டுவிட்டு, இது விஞ்ஞான வாத்தியார் பாடம் என்று தாளை மடித்துக்கொண்டார். தையல்காரர், "துணி நனைஞ்சா சுருங்கும், இது என்னய்யா நீளுது" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் குழுவோ எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சத்து அதிகம் என்று தீர்மானமே போட்டுவிட்டது. தையல்காரர் அந்தத் தண்ணீரில் தினமும் தலை குளிக்கிறார், முடிக்காக.

இப்போது சுற்றுலா அதிகாரி, இரண்டு ஊரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இரு கரைக்கும் பொதுவாக ஒரு பெரிய படகு தருவதாகச் சொல்லியிருக்கிறார். கெடு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் சார்பில் அப்பா போட்டுவிட்டார். அந்தத் தொண்ணூற்றெட்டுக்கு ஒரு பதில் தெரியாமல் நீங்கள் பேனாவைத் தொடமாட்டீர்களாம். பதில் எனக்கும் தெரியாது மாமா. மீன் பெரியது, பிடித்தவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான். பெரிய மனசு பண்ணித் தோல்வியை ஒத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த அஞ்சல் வேலையிலிருந்து எனக்கும் விடுதலை கிடைக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிக்கு என் அன்பு, அவள் கேட்ட தவளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் படகு ஒழுகாமலும், கயிறு சிக்காமலும், என் காதைத் தேடி உங்கள் கை நீளாமலும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரியின் மிகப் பெரிய மீனைப் பிடித்த தங்கள் மருமகன்,
தொண்ணூற்றெட்டு

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டதும் பேனா மூடி உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். அப்பா செருகிய மரத்துண்டு என்னைப் பார்த்தது. அதில் எண்கள் இருந்தன மாமா. ஒன்று மட்டும் பொத்தில் பாதி போய்விட்டது. மற்றபடி இரண்டு முதல் பத்து வரை அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. அறுக்கும்போது நான் யோசித்தது இதுதான்: பத்து சென்டிமீட்டர் மீனை எவன் அளக்கப்போகிறான், போனால் போகட்டும். கட்டையை அந்த வெட்டின முனையிலேயே அடித்துவிட்டேன். எங்கள் கரையில் மூக்கு வைக்கிற எந்த மீனும் பத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இது சேட்டை இல்லை மாமா. சேட்டையாக இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். அம்மா பதின்மூன்றாம் நாள் முதல் முறையாக, நான் நடுவில் இல்லாமல், அவரிடமே சொன்னார்: "நீங்க தொடாதீங்க. அது என் தம்பிக்கு."

ஏரியின் மிகப் பெரிய மீன் உங்கள் தொண்ணூற்றுநான்குதான். நீங்கள் கழற்றிய பலகையையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காது தயாராக இருக்கும். அத்தாட்சிக்கு அந்த மரத்துண்டை உருவி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஆகையால் மேலே முதலில் வெளியிட்ட அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. மேசை ஆடுகிறது.

எண்பத்தெட்டு