பதினேழு படியும் உன் சலவை நிலையமும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் நலம், உன் அத்தானுடைய இடது முழங்கால் நீங்கலாக. அதன் கதை கீழே வரும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ஓடையிலிருந்து உன் சலவை நிலையத்துக்குத் தண்ணீர் கேட்டிருந்தாய் அல்லவா, மழைக்காலத்து நான்கு மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமாம். மீதி எட்டு மாதம் கிடையாதாம். அழுக்குத் துணி எட்டு மாதம் காத்திருக்காது, இயந்திரங்களும் வந்து இறங்கிவிட்டன, எல்லாம் தெரியும். இதில் என் கைங்கரியமும் கொஞ்சம் உண்டு. பொறுமையாகப் படி.

தண்ணீர் அளக்க அரசாங்க ஆபீசிலிருந்து ஒரு பெண் வருவாள், நன்றாகக் கவனித்துக்கொள் என்று எழுதியிருந்தாய். கவனித்தேன். காலை ஏழு மணிக்கு வந்தவளை மூன்று நாளும் இமை கொட்டாமல் கவனித்தேன். நீ எந்தக் கவனிப்பைச் சொன்னாய் என்று உன் அத்தான் நான்காம் நாள்தான் விளக்கினார், அதற்குள் அவள் போய்விட்டாள். காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் நொடி பார்க்கிற கடிகாரம், பை நிறைய ஆரஞ்சுப் பழம். பழம் நமக்குத்தான் என்று நான் தட்டோடு ஓடினால், அவள் ஒவ்வொன்றாக ஓடையில் போடுகிறாள். இந்தக் கயிற்றிலிருந்து அந்தக் கயிற்றுக்குப் பழம் மிதந்து போக எத்தனை நொடி, அகலம் எவ்வளவு, அடிக்கு அடி ஆழம் எவ்வளவு என்று எழுதிப் பெருக்கினால், நொடிக்கு இத்தனை குடம் என்று வந்துவிடுகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சத்தை மளிகைப் பொட்டலத் தாளில் படித்தவள். பக்கத்தில் நின்று நானும் பெருக்கினேன், ஒரே விடை. "அக்கா, நீங்க ஆபீசுக்கே வந்துருங்க" என்றாள். என்னை யாரும் இதுவரை எங்கேயும் வரச் சொன்னதில்லை.

அப்போதுதான் உன் அத்தான் உனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று பாறைமேல் ஏறி நின்று, "வருஷம் முழுக்க ஆள் முழுகுற தண்ணிம்மா இது" என்று சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, இடது முழங்கால் பாறையில் இடிபட வழுக்கிவிட்டார். உட்கார்ந்த வாக்கில் விழுந்தவருக்குச் சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டிகூட நனையவில்லை. அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "அந்த எடத்துல ஒன்றரை அடி" என்று எழுதிக்கொண்டாள்.

அளந்ததோடு விட்டாளா என்றால் இல்லை. ஓடையை நம்பி இருக்கிற ஒவ்வொருவரிடமும் நடந்தே போய்ப் பழைய அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கூடவே நானும் போனேன், வழி காட்ட. சாயப்பட்டறைக்காரர், "எங்கப்பா காலத்து உரிமைம்மா" என்றார். "சீட்டுல ரெண்டங்குலக் குழாய்னு இருக்கு, இங்க நாலங்குலம் போட்டிருக்கீங்களே?" "முப்பது வருஷம் ஆச்சே, குழாயும் வளரும்ல." "அப்ப வெட்டி விட்டுருங்க, மரமாயிடப் போகுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், மறுநாள் குழாய் இரண்டங்குலமாகிவிட்டது. எல்லாச் சீட்டையும் கூட்டிப் பார்த்தால், கோடையில் ஓடையில் ஓடுவதைவிடக் காகிதத்தில் ஓடுகிற தண்ணீர் அதிகம். "மீன் கல்லைத் தாண்டிப் போற அளவாவது முதல்ல ஓடைக்குன்னு ஒதுக்கணும்க்கா. அப்புறம் பழைய உரிமைக்காரங்க. அப்புறமும் மிச்சம் இருந்தா உங்க தம்பி." நீ மீனுக்கும் பின்னால் நிற்கிறாய். எல்லோருக்கும் பரிமாறி முடித்துச் சட்டியைச் சுரண்டுகிறவள் நான், சமைத்தவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வை என்று சொல்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கோடையில் எவ்வளவு ஓடும் என்பதற்கு மட்டும் யாரிடமும் கணக்கு இல்லை. என்னிடம் இருந்தது. பின்வாசலிலிருந்து ஓடைக்குப் பதினேழு படி. தினமும் காலையில், காய்ந்திருக்கிற படி ஒன்றுக்கு ஒரு பிரார்த்தனை சொல்லி இறங்கி, தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்து, எத்தனை சொன்னேன் என்று நோட்டில் எழுதிவிடுவேன். பதினோரு வருஷமாக, ஒரு நாள் விடாமல். ஆண்டவனிடம் கணக்கு இருக்கும், இருந்தாலும் என் பக்கத்துக்கும் ஒரு பிரதி இருக்கட்டுமே. உனக்கு உதவும் என்றுதானப்பா கொடுத்தேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டி, "அக்கா, பிரார்த்தனை கூடக் கூடத் தண்ணி குறைஞ்சிருக்கு" என்றாள். அப்படிச் சொல்லாதேம்மா, சாமி காதில் விழும் என்றேன். மூன்று நாளும் படியை எண்ணி நோட்டோடு ஒத்துப் பார்த்தாள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கோடையில் பதினைந்து, பதினாறு. அதை வைத்துத்தான் எட்டு மாதம் இல்லை என்று ஆகிவிட்டது.

ஆகவே மனதைத் தேற்றிக்கொள். அவள்மேல் கோபப்படாதே, இப்படி ஒருத்தி அளந்து இல்லை என்று சொன்னால் அது இல்லைதான். என் நோட்டும் பிசகாது. உனக்கும் உன் குடும்பத்துக்கும் எந்தக் குறையும் வராமல் ஆண்டவன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு ஒன்று நினைவுக்கு வந்து பிரித்துவிட்டேன். படியில் கால் வைக்குமுன் வாசலிலேயே நின்று உனக்காக ஒன்று சொல்வது என் வழக்கம். அதையும் சேர்த்துத்தான் நோட்டில் எழுதியிருக்கிறேன். அப்படியானால் ஒரு படி கழிக்க வேண்டும், ஓடையில் ஒரு படி தண்ணீர் கூட இருந்திருக்கிறது. அவள் ஒத்துப் பார்த்தபோது சரியாக வந்ததற்குக் காரணம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ விண்ணப்பம் போட்ட கோபத்தில் அந்த மாதம் முழுக்க உனக்காகச் சொல்லவில்லை. உடனே அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மறுபடி கணக்குப் போட்டால் உனக்கு இன்னும் இரண்டு மாதம் கிடைக்கலாமாம். ஆனால் எந்தெந்த நாள் உனக்காகச் சொன்னேன், எந்தெந்த நாள் சொல்லவில்லை என்று தேதிவாரியாகக் கேட்கிறாள். பதினோரு வருஷத்தில் நாம் பேசாமல் இருந்த நாள்களை எழுதி உடனே அனுப்பு. சண்டையே போட்டதில்லை என்று எழுதிவிடாதே, அத்தான் சாட்சி இருக்கிறார்.