காணிக்குப் பொருத்தம் பார்த்தவர்

யாழ்ப்பாணத்தில் காணிக்குச் சாதகம் கேட்ட ஒரே மனிதர் பொருத்தம் அண்ணைதான். உலகத்திலேயே ஒரே ஆள் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். உலகம் பெரிது, வேறு பைத்தியங்களும் இருக்கக்கூடும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், யாருக்கும் தெரியாது. கலியாணத் தரகராக இருந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில் தாங்களாகவே ஆளைப் பிடித்துவிட்டு, மண்டபம் பார்க்க மட்டும் ஊருக்கு வரத் தொடங்கியதும் தொழில் படுத்துவிட்டது. அதே காலத்தில் நல்லூரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் காணி விலை எகிறியது. நாற்சார் வீடு நின்ற இடத்தில் கெஸ்ட் ஹவுஸ் எழும்பியது. மாட்டுக்கொட்டில் நின்ற இடத்தில் கண்ணாடி போட்ட கோப்பிக் கடை வந்தது. அண்ணையும் காணித் தரகராக மாறினார். ஆனால் கலியாணத் தரகுச் சட்டதிட்டம் எல்லாவற்றையும் அப்படியே கையோடு கொண்டுவந்துவிட்டார்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்டது ஒரு மார்கழி மாதத்தில். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் காட்டினார். "தம்பி, சித்திரைக்கு முதல் வீட்டை விட்டுத் தரவேணும். இடிச்சுப்போட்டு மாடி கட்டப் போறன்" என்றார். மகளின் பள்ளிக்கூடம் நடை தூரம். என் மனைவி வசந்தியிடம் சட்டை தைப்பவர்கள் எல்லாம் அதே ஒழுங்கைக்காரர்கள். அந்த வட்டாரத்திலேயே இரண்டு பரப்புக் காணி கிடைக்காவிட்டால் மூட்டை முடிச்சோடு ஊருக்கு வெளியே போகவேண்டியதுதான். வசந்தி நித்திரையில்லாமல் புரண்டாள்.

பொருத்தம் அண்ணை வந்தார், கதிரையில் இருந்தார், முதல் கேள்வி கேட்டார்.

"சாதகம் இருக்கோ?"

"ஆற்றை சாதகம் அண்ணை?"

"வாங்கிற ஆளின்ரை. காணியின்ரை என்னட்டை இருக்கு."

காணியின் மிகப் பழைய உறுதிப் பத்திரம் எழுதப்பட்ட நாளைத்தான் அவர் அதன் பிறந்தநாளாக வைத்திருந்தார். இப்படிப் பொருத்தம் பார்த்து அவர் முடித்துவைத்த சம்பந்தங்கள் எல்லாம் சிறந்து விளங்கின என்று சொல்ல ஆசைதான். ஓர் எஞ்சினியருக்குச் செவ்வாய் தோஷம் என்று தேடித் திரிந்து, செவ்வாய் தோஷமுள்ள காணி ஒன்றைக் கட்டிவைத்தார். மாரி பிறந்தால் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எஞ்சினியர் சண்டைக்கு வந்தபோது அண்ணை அசையவில்லை. "தம்பி, வேறை காணி எண்டால் கழுத்தளவு நிண்டிருக்கும்" என்றார்.

எங்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். நாங்கள் சண்டை பிடிப்போமா, வீட்டு வளவு கூட்டுவோமா, கடையில் கடன் சொல்லுவோமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். பிறகுதான் காணி காட்டப் புறப்பட்டார். போகும் வழியில் இரண்டு கட்டளை போட்டார்.

"முதல் நாள் விலை கேக்கப்படாது. பொம்பிளை பாக்கப் போன இடத்திலை வாசல்லை நிண்டே சீதனம் கேக்கிறவையோ? மற்றது, கை நனைக்கப்படாது. தேத்தண்ணியும் வேண்டாம், பச்சைத் தண்ணியும் வேண்டாம். வாயிலை வைச்சால் சம்மதம் எண்டு அர்த்தம்."

மாசி வெயிலில் நாலு வீட்டுக்கு வறண்ட தொண்டையோடு போய், வறண்ட தொண்டையோடு திரும்பினோம். ஒன்றில் பாதைத் தகராறு. மற்றதில் அண்ணன் தம்பி வழக்கு. மூன்றாவதற்கு எங்கள் நட்சத்திரம் சரிவரவில்லை. நாலாவது எனக்குப் பிடித்தது, அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளை வடிவுதான், குணம் சரியில்லை" என்று கேற்றைச் சாத்திவிட்டு வந்தார்.

ஐந்தாவது ஒரு ரீச்சரின் வீடு. ஓய்வு பெற்றவர், மெல்பேணில் இருக்கும் மகளிடம் போக இருந்தார். சின்ன வீடு, நல்ல கிணறு, பின்னுக்குத் தனி வாசலோடு ஓர் அறை. அண்ணையும் வசந்தியும் பின்வேலி எல்லை பார்க்கப் போனார்கள். நான் விறாந்தையில் தனியே இருந்தேன். ரீச்சர் சுடச்சுட உழுந்து வடை கொண்டுவந்து வைத்தார். வைத்தது மட்டுமில்லை, பக்கத்திலேயே நின்று, "ஏன் தம்பி, எங்கடை வீட்டிலை சாப்பிட மாட்டியளோ?" என்று கேட்டார். வகுப்பில் நிற்கும் பிள்ளை மாதிரி நான் ஒன்றை எடுத்தேன். இரண்டாவதை எடுத்தது என் சொந்தப் புத்தியில்தான்.

வாய் நிறைய வடையோடு இருக்கும்போது அண்ணை திரும்பி வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"முடிஞ்சுது" என்றார். "ரீச்சர், மாப்பிளை வீட்டார் கை நனைச்சிட்டினம்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. விலை பேசவில்லை, உறுதி பார்க்கவில்லை, வடை மட்டும் தின்றிருக்கிறோம். பேரம் பேசும் உரிமையும் போய்விட்டது. ரீச்சர் சொன்ன விலைதான் விலை என்று அண்ணை தீர்த்துவிட்டார். வங்கிக் கடனோடு வசந்தியின் காப்புகளும் சேர்ந்தால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம் என்ற நிலை.

அந்தக் கிழமையே சுவிஸிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். கெஸ்ட் ஹவுஸ் கட்ட அதே வளவைக் கேட்டார். எங்களுடைய விலைக்கு மேலே எங்கேயோ போய் நின்றார். அண்ணைக்கும் இரட்டைத் தரகு என்றார். ரீச்சர் நீட்டிய தேத்தண்ணியை வேண்டாம் என்றுவிட்டு, கையில் கொண்டுவந்த போத்தல் தண்ணீரைக் குடித்தார். கிணற்றைத் தூர்த்துவிட்டு நீச்சல் தடாகம் கட்டும் திட்டத்தையும் கிணற்றடியில் நின்றே விளக்கினார்.

செய்தி வந்ததும் வசந்தி அழுதாள். நாங்கள் முற்பணம்கூடக் கட்டவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நான் ஓடிப்போனபோது ரீச்சரின் கேற்றடியில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"உது சரிவராது தம்பி. பிள்ளைக்கு நிச்சயமாச்சு" என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுத்து இருக்கோ?"

"எழுத்து இல்லை. அவை வடை சாப்பிட்டிட்டினம்."

"வடையோ? நான் கோடிக்கணக்கிலை கதைக்கிறன், நீர் வடையைப் பற்றிக் கதைக்கிறீர்!"

"ஒரு பொம்பிளைக்கு ரெண்டு மாப்பிளை பேசிற வேலையை நான் செய்யிறேல்லை" என்றார் அண்ணை. அவருடைய செருப்பின் வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அந்தச் செருப்போடு நின்றுதான் இரட்டைத் தரகை வேண்டாம் என்றார்.

இனி எல்லாம் பக்கத்தில் நின்ற ரீச்சரின் வாயில்தான். அவர் கிணற்றைப் பார்த்தார், சுவிஸ்காரரின் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்பது வருசமாக் குடிச்ச தண்ணியைத் தூர்க்கிறன் எண்டு எனக்கு முன்னாலையே சொல்லுறார். பொருத்தம், உம்மடை விசர் எனக்கும் தொத்திப் போச்சு. நொத்தாரிசட்டை உறுதி எழுத நாள் கேளும்."

பங்குனிக் கடைசியில் குடிபுகுந்தோம். அதன் பிறகும் அண்ணை மாதம் ஒருமுறை வந்து, வீடும் நாங்களும் ஒத்துப் போகிறோமா என்று விசாரிப்பார். ஒருநாள் வந்தவர், தான் வாடகைக்கு இருந்த அறையும் விலைப்பட்டுவிட்டது, கோப்பிக் கடை வரப்போகிறது என்று செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

"இவ்வளவு பேருக்குக் காணி பாத்தனியள், உங்களுக்கு ஒண்டு பாக்கேல்லையோ அண்ணை?"

"எனக்குப் பேசிவர ஆர் இருக்கினம் தம்பி?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தி எழுந்து உள்ளே போனாள். அவள் தைக்கும் பின்னறையிலிருந்து மெசினை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

பின்னறைக்கு வாடகை தருவேன் என்று அண்ணை இன்றைக்கும் நின்று சண்டை பிடிக்கிறார். விடிய எழும்பி எங்கள் சாதகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார், மகளுக்கு எந்தத் திசையில் மேசை போடவேண்டும் என்று கட்டளையிடுகிறார், சரியான கரைச்சல். ஒரு கிழமை உறவினர் வீட்டுக்கென்று வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தார். பின்னறையில் அவருடைய இருமல் கேட்காத அந்தக் கிழமை முழுவதும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே எனக்கு வேறு யாருடையவோ வீட்டில் இருப்பதுபோல இருந்தது.