மைமூன் வளர்த்த அணில்கள்

மச்சுக்கு மேலே ஏதோ ஓடியது. பக்கீர் முகமது சட்டென்று இருமினான்.

ஏற்காட்டில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் அவன் உத்தி. மேலே ஓட்டம் கேட்டால் கீழே இருமல். ஓட்டம் நீண்டால் இருமலும் நீளும். புருஷனுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த மைமூன் வேளை தவறாமல் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துக் குடித்து அவனுக்கு நாக்கு செத்தே போயிருந்தது.

மேலே ஓடுவது எலி என்று சொல்லிவிட்டால் கஷாயம் மிச்சம். ஆனால் மனைவி மிஞ்சமாட்டாள். கல்யாணமான புதிதில் சேலத்துக் கூட்டுக் குடும்பத்தில், அடுப்படியில் நின்றவளின் கால்மேல் ஒரு எலி ஏறி இறங்கியது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவளை, இவன் நடையாய் நடந்து, மாமியார் கையால் ஆறிப்போன டீயாய்க் குடித்து, ஒருவழியாய்ச் சம்மதிக்க வைத்திருந்தான். அதுவும் நிபந்தனையோடு.

"எலி இல்லாத ஊடாப் பாருங்க, வர்றேன். ஒரு வாலைப் பார்த்தாலும் அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன். அப்பறம் கூப்பிட வராதீங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். அவளில்லாமல் இருந்த மாதங்கள் இன்னொரு தடவை வர அவன் விடமாட்டான்.

ஏரிக்கரையில் ஸ்வெட்டர், குல்லாய்க் கடை வைத்திருந்தவனுக்கு வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டால் நாலே நாளில் மாச வாடகை வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற தேவசிகாமணி மட்டும் வலிய வந்து தன் மாடியைக் கொடுத்தார். அட்வான்ஸைக்கூட மெதுவாகத் தரலாம் என்றார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று பக்கீருக்குக் கண் கலங்கியது.

எலித் தொல்லை உண்டா என்று சாவி வாங்கும்போதே அவன் கேட்டான்.

"எலியா? நாங்க வருசக்கணக்கா கீழ குடியிருக்கறமுங்க பாய். எங்க ஊட்டுல ஒண்ணு கண்ணுல பட்டதில்ல" என்றார் அவர்.

இருமல் உத்தி ஒரு வாரம் தாங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் மைமூன் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு மச்சைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க இருமறதுக்கு முந்தியே மேல சத்தம் கேக்குதே?"

பக்கீருக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏற்காட்டில், அதுவும் மார்கழியில்.

"அணிலு" என்றான்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் குளிரில் பாவம் அது எதைத் தின்னும் என்று உடனே கவலைப்பட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே மச்சுப் பொந்துக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒரு தட்டு நிறைய வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் வைத்தாள். விடிந்து பார்த்தால் தட்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் இரண்டு தட்டு வைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதைதான் பக்கீரின் கதை. ஓட்டத்தின் கனத்தை வைத்தே எலிகள் எவ்வளவு கொழுத்திருக்கின்றன என்று அவனால் சொல்ல முடிந்தது.

கடைவீதியில் ஒரு எலிப்பொறி வாங்கி, விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். முதல் நாளே ஒன்று மாட்டியது. மைமூன் குளிக்கப் போன சமயம் பார்த்து, பொறியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினான். பாதிப் படியில் தேவசிகாமணி எதிரே ஏறி வந்தார். சால்வைக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது.

சால்வையை விலக்கிப் பார்த்த தேவசிகாமணியின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. கோபிப்பார் என்று பக்கீர் பயந்தான். அவரோ, வாயில்லா ஜீவனைக் கொல்வது பெரிய பாவம் என்றார். பொறியை அவன் கையிலிருந்து வாங்கினார். தானே நாலு படி ஏறி, மாடியைப் பார்க்கப் பொறியை வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஓடு கண்ணு, மேல ஓடு" என்றார்.

இப்படி ஒரு மகானின் வீட்டில் கொலைகாரனாக நிற்கிறோமே என்று பக்கீர் வெட்கப்பட்டான். வெட்கம் முடிவதற்குள், குளித்துவிட்டு வந்த மைமூனின் குரல் மேலே இருந்து கேட்டது. கதவிடுக்கில் என்னவோ ஓடியதே என்றாள். அணில்தான் என்றான் அவன்.

"வாலுல முடியே காணமே?"

"குளுருக்குக் கொட்டியிருக்கும்."

அவள் கதவிடுக்கையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனைக் கலக்கியது. அன்று மத்தியானம் கடையில் குரங்குக்குல்லாய் கேட்டவருக்குக் காலுறையை எடுத்துக் கொடுத்தான்.

கரடியூரில் அங்கப்பன் என்ற விவசாயியிடம் ஒரு பூனை இருந்தது. அது கண்ணை மூடிக்கொண்டே எலி பிடிக்கும் என்று பெயர். பக்கீர் கெஞ்சிக் கூத்தாடி அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். மைமூன் அதைக் கண்டதும் பதறினாள், அணில்களைக் கடித்துவிடுமே என்று. பழைய தாவணியைக் கிழித்துப் பூனையை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டாள். வேளைக்கு வேளை பாலும் மீனும் வைத்தாள். பூனை சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. அதன் தட்டில் மிஞ்சியதை எலிகள் வந்து முடித்துவைத்தன.

அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துவரப் போவதாக மைமூன் சொன்னாள்.

"அம்மாவுக்கு அணிலைக் காட்டோணும். அவங்க பார்த்துச் சொல்லட்டும், அது என்ன அணிலுன்னு."

மகளைத் திரும்ப அழைத்துப்போகக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் மாமியாருக்கு எலிக்கும் அணிலுக்கும் வித்தியாசம் தெரியாதா? புதன்கிழமை மைமூன் சேலத்துக்குப் பஸ் ஏறிய மறுநிமிடம் பக்கீர் கடையைச் சாத்தினான். செம்மநத்தத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கையோடு கூட்டிவந்தான். கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து மச்சுப் பொந்து, குழாய் போகிற சந்து, பலகை இடுக்கு, அலமாரி மூலை என்று ஒரு ஓட்டை விடாமல் அடைத்தார்கள். பக்கீரும் சேர்ந்து பூசினான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அவனுக்கு வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ரஹமத் பீவி வந்தார். சமையலறையில் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மச்சைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. பக்கீர் இருமக்கூட இல்லை. அணிலைக் காணோம் என்று மைமூனுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"அணிலு போனாப் போகுது. ஊடு நொம்ப சுத்தமா இருக்குங்க மாப்பிள்ள. புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் மாமியார்.

பக்கீருக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. சூடாக டீ போட்டுத் தன் கையாலேயே கொடுத்தான். அந்த நேரம் கதவு தட்டப்பட்டது.

தேவசிகாமணி நின்றிருந்தார். தலை கலைந்து, கண் சிவந்து, நாலு நாள் தூங்காதவர்போல் இருந்தார். அவருக்குப் பின்னால், கீழ்வீட்டில் பெருக்கித் துடைக்கும் காளியாயி கையில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"பாய், இந்த மாசக் கடைசியில ஊட்டைக் காலி பண்ணிருங்க" என்றார் அவர்.

பக்கீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வாடகை பாக்கியில்லை, சண்டை சச்சரவில்லை, வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருக்கிறோமே, என்ன குற்றம் செய்தோம் என்று கெஞ்சினான். மாமியார் டீயைக் கீழே வைத்தார். மைமூன் எழுந்து வந்து நின்றாள். தேவசிகாமணி யார் முகத்தையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் காளியாயிதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க ஓட்டையெல்லாம் அடைச்சதுல அத்தன எலியும் கீழ எறங்கிருச்சுங்க பாய், மேல ஒரு குடும்பத்தக் குடிவெச்சா அதுக அங்கயே தின்னுட்டுக் கெடக்கும்னுதானுங்களே ஐயா இந்த மாடிய வாடகைக்கே உட்டாரு."