மணி ஓயட்டும் என்று நின்றவர்

கடவுளே இல்லை என்று தெருவில் ஏறி நின்று சொல்ல வந்துவிட்டு, கோயில் மணி ஓயும்வரை கைகட்டிக் காத்திருந்த ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ராயபுரத்து பெஞ்சுத் தலைவர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ‘மனிதர் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்து, சாகும்வரை அதற்குத் தலைவராக இருந்தார். மொத்த உறுப்பினர் இரண்டு பேர்: அவரும், தையற்கார காதர் பாயும். பாய் ஐந்து வேளை தொழுகிறவர். “தோஸ்து தனியா கத்திகினு கீது, பாவம்” என்று சேர்ந்தவர்.

வருஷா வருஷம் தலைவர் தேர்தல் உண்டு. தலைவர் தமக்கு எதிராகவே ஓட்டுப் போட்டுக்கொள்வார். “எதிர்ப்பு இல்லாம ஜெயிச்சா அது ராஜா ஆட்சி நைனா!” பாய் அவருக்குப் போட, ஒன்றுக்கு ஒன்று சமமாகிவிடும். பாய் தலையிலடித்துக்கொண்டு இரண்டாம் ஓட்டுப் போடுவார்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீட்டு பெஞ்சைத் தலையில் சுமந்துவந்து எங்கள் அம்மன் கோயிலுக்கு எதிரே போட்டு ஏறுவார். கோயில் மணி என் பொறுப்பு. நடை திறக்க மூன்று அடி போதும். அவர் வாயைத் திறந்ததும் நான் முந்நூறு அடிப்பேன். நிறுத்தினால் ஆரம்பிப்பார், ஆரம்பித்தால் அடிப்பேன்.

“ஆச்சா நைனா? ஒன் சாமி பேசி முட்ச்சிச்சா? இப்போ மனுசன் பேசலாமா?”

ஜனங்கள் சிரிப்பார்கள். அம்மனுக்குச் சேவை செய்ததாக எனக்குப் பெருமை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு சித்திரையில் தெருவில் வாந்திபேதி. என் மனைவி ராஜாத்தி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தெய்வக்குற்றம் என்று நம்பி, வாசலில் வேப்பிலை சொருகிவிட்டு, கோயிலில் மணியடித்து அழுதேன். அக்கம்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டது. தலைவரும் பாயும் பெஞ்சோடு வந்தார்கள்.

“இன்னாய்யா, தங்கச்சி அங்க கண்ணு சொருகிக் கெடக்குது, நீ இங்க மணி அட்ச்சிகினு கீற?”

“ஆத்தா கோச்சிக்குவா!”

“கோச்சிக்கினா என்னாண்ட வந்து கேக்கச் சொல்லு. நீ அட்ச்சிகினே இரு, நாங்க தூக்கிகினு போறோம்.”

அவர் ஏறிப் பேசும் பெஞ்சிலேயே அவளைக் கிடத்தி, ஆஸ்பத்திரிவரை ஓட்டமாகத் தூக்கிப்போனார்கள். பிழைத்தாள்.

ஆடியில், நேர்ந்துகொண்டபடி நானே கூழ் ஊற்றினேன். வரிசையில் சொம்போடு தலைவர். “சாமியாண்டதான் எனக்கு வம்பு, கூழாண்ட இல்ல” என்றார். எல்லாரும் சிரித்தோம். அகப்பை நிறைய மொண்டேன்.

“ஆத்தா இல்லேன்றவனுக்கு ஆத்தா கூழா? ஊத்தாதே!” தர்மகர்த்தா அதட்டினார்.

என் கை நின்றது. ‘என் பெண்சாதியைத் தூக்கிப்போன மனுஷர் ஐயா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. மொண்டதை அண்டாவிலேயே திரும்ப ஊற்றினேன்.

தலைவர் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டார். “பர்வால்ல நைனா. தங்கச்சி இப்போ நல்லா சாப்டுதா?” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் பெஞ்சு வந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை.

“இன்னா நைனா, கை வலியா?”

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். தர்மகர்த்தா பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன். கேட்காமலே இருந்தேன், அவரும் போய்ச்சேர்ந்தார்.

இன்றும் அம்மனுக்கு நான்தான் மணி. ஞாயிறு ஐந்து மணிக்கு மட்டும் அடிப்பதில்லை. அது அவர் பேசுகிற நேரம். ஆத்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.