ஈறும் வீராப்பும்

கடித்த ரொட்டியில் மறுபடியும் ரத்தம். சோரோன்பாய் அதை அவசரமாகத் தேநீரில் முக்கினார். அதற்குள் மனைவி சைக்கால் பார்த்துவிட்டாள்.

"மூணு மாசமா ஈறு வீங்கிக் கெடக்கு. நீங்க வாயத் தொறந்தா பக்கத்துல நிக்க முடியல. பல் டாக்டர்கிட்ட போனா என்ன?"

"எனக்கென்னடி பயமா? போட்டியில பாயற குதிரை மேல இருந்து செத்த ஆட்டைப் பறிச்சு ஜெயிச்சவன் நான். நரின் ஊர் முழுக்கக் கேட்டுப் பாரு!"

"குதிரையப் பத்தி இப்ப யார் கேட்டா?"

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். வீக்கம் வற்றவில்லை. வோட்காவில் கொப்பளித்தார். எரிச்சலில் அவர் போட்ட சத்தத்துக்கு லாயத்தில் குதிரைகள் மிரண்டன.

"பல்லு கல்லு மாதிரி இருக்கு, பாக்கறியா?" என்று காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை எடுத்துக் கடித்தார். உருண்டை உடையவில்லை. பல்தான் விழுந்தது.

மறுநாள் சைக்கால் அவரைப் பல் மருத்துவமனைக்குள் தள்ளிவிட்டு, வாசலை மறித்து நின்றாள். உள்ளே கருவி கீச்சிட்டது. சோரோன்பாயின் கண் ஜன்னலைத் தேடியது.

பெஞ்சில் ஒரு பெரியவர் தொப்பியைப் பிடித்தபடி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பயமா இருக்குப்பா. நீ ஓடிப் போனா நானும் ஓடிருவேன்."

சோரோன்பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்குப் போயி பயப்படலாமா? மொதல்ல நான் போறேன். நான் கத்துனா நீங்க ஓடுங்க!"

டாக்டர் நுர்ஸாத் எக்ஸ்ரேயைக் காட்டினாள். "பல்லத் தாங்குற எலும்பே கரைஞ்சிருக்கு. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில கெட்டியா படிஞ்சிருக்குற பல்காரையைச் சுரண்டி எடுக்கணும். வலிச்சா கையத் தூக்குங்க."

கதவிடுக்கில் பெரியவரின் நடுக்கம் தெரிந்தது. சோரோன்பாய் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கடைசிவரை கையைத் தூக்கவில்லை.

மரத்த கன்னத்தோடு மார்பை நிமிர்த்தி வெளியே வந்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல! இன்னிக்கு ஒரு பக்கம் முடிஞ்சுது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்துக்கும் வரப்போறேன். எழுந்திரிங்க, நானே கையப் பிடிச்சு உக்கார வைக்கிறேன்."

பெரியவரின் நடுக்கம் சட்டென்று நின்றது. வாயிலிருந்து மேல் பல்செட்டையும் கீழ் பல்செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எனக்கு ஏதுப்பா பல்லு? டாக்டர் என் மருமக. உன்னை மாதிரி வீரனுங்க ஓடிரக் கூடாதுன்னு, தினமும் இங்க வந்து உக்காந்து நடுங்கறேன்!"